பாறைகள் நிலையத்தில் தோமஸின் முதுகு

செட்டிகுளத்துப் பக்கம் கல்லுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது தோமஸ் நம்பவில்லை. மீன் எடுக்க வந்த வியாபாரிதான் சொன்னான். கல்லைக் கட்டிலில் கிடத்தி, சி.ரி. ஸ்கான் மெஷினுக்குள் தள்ளி, உடைக்காமல் கொள்ளாமல் உள்ளே என்ன இருக்கிறதென்று படம் எடுக்கிறார்களாம். பொதுமக்கள் யாரும் கல் கொண்டுபோகலாமாம். காசு கேட்பதில்லையாம், தேத்தண்ணியும் தருகிறார்களாம்.

"மனுசரே வரிசையிலை நிக்கினம், கல்லுக்கோ?" என்று புனிதம் கேட்டாள். கேட்டுவிட்டுப் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் என்ன யோசிக்கிறான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

தோமஸ் முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித் தொழில் செய்கிறவன். அவனுடைய வலது தோள்பட்டைக்குக் கீழே, முதுகுச் சதைக்குள், புளியங்கொட்டை அளவில் ஒன்று இருக்கிறது. கடைசி யுத்தத்தின் கடைசி மாதத்தில் உள்ளே போனது. அன்று அவன் மகள் ஜெனிற்றாவை முதுகில் ஏற்றிக்கொண்டு மணலில் ஓடிக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு ஏழு வயது. தகப்பனின் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தது. பின்னால் ஷெல் விழுந்தது. குப்புற விழுந்தவன் எழும்பியபோது முதுகில் பாரம் இல்லை. திரும்பிப் பார்க்க விடாமல் சனம் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. எடுக்கிறதுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

உள்ளே கிடப்பது ஷெல் துண்டுதான் என்று பதினாறு வருஷமாக நினைத்திருந்தான். வன்னியில் முதுகில் இரும்பு வைத்திருப்பது ஒரு பெரிய விசயமில்லை. போன மாரி மழைக்கு முதுகு நோ கூடிப்போய் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் அந்த இளம் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இரும்பு மாதிரித் தெரியேல்லை. எலும்புத் துண்டாயும் இருக்கலாம்."

"என்ரை எலும்பு ஒண்டும் உடையேல்லையே, டொக்டர்," என்றான் தோமஸ்.

டொக்டர் படத்தை மறுபடி பார்த்தார். அதற்குப் பிறகு தோமஸின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். ஸ்கான் எடுத்தால் நிச்சயமாகச் சொல்லலாம், ஆனால் அவசரக்காரர் நிறையப் பேர், இது அவசரமில்லை, பேர் பதிந்துவிட்டுப் போங்கோ, கூப்பிடுவினம். யாரும் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து தோமஸ் மல்லாந்து படுப்பதில்லை. புனிதம் நித்திரையில் கையை அவன் முதுகில் போடுவாள். பிறகு சுட்ட சட்டியைத் தொட்டவள்போலக் கையை எடுத்துக்கொள்வாள். இரும்பா, பிள்ளையா? அது ஒன்றுதான் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

ஆகவே தோமஸ் கழுவிய சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

நிலையம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. "உருமாறிய பாறைகள் உள்ளக ஆய்வு நிலையம்" என்று பித்தளை எழுத்தில் போட்டிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் சனத்தை அடைத்து வைத்த முகாம் நாட்களில் தோமஸும் புனிதமும் கம்பிக்குப் பின்னால் இருந்த காணி அங்கிருந்து எட்டிப் பார்க்கும் தூரம்தான். இப்போது அங்கே புல். வாசலில் நின்ற காவலாளி தோமஸை மேலும் கீழும் பார்த்தான்.

"கல் எங்கை?"

"கல் இல்லைத் தம்பி. ஒரு விசயம் கேக்க வந்தனான்."

"கல் இல்லாமல் ஆளை உள்ளை விடேலாது. கல்லோடைதான் ஆள்."

தோமஸ் குனிந்து காலடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்தான்.

"அதை வையுங்கோ. அது நிலையத்துக் கல். வெளிக்கல்தான் எடுப்பம்."

தோமஸ் றோட்டைக் கடந்து போய், அந்தப் பக்கம் கிடந்த ஒரு கல்லை எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. காவலாளி எழுந்து நின்று கல்லுக்குச் சல்யூட் அடித்தான்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை ஊரில் சொன்னால் குடித்துவிட்டு வந்தான் என்பார்கள். நிர்வாக உத்தியோகத்தர் தவராசா கல்லைத் தாம்பாளத்தில் வாங்கி, அதற்குச் செவ்வரத்தம்பூ மாலை போட்டார். மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். கல்லுக்கு முன்வரிசையில் கதிரை. தோமஸுக்குப் பின்வரிசையில். நிலையத்தின் பணிப்பாளர் பேராசிரியர் தில்லைநாதன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, ஒலிவாங்கியைத் தட்டினார்.

"முதலில், உருமாற்றத்தின்போது தம்மை இழந்த கனிமங்களுக்காக இரண்டு நிமிட மௌன அஞ்சலி."

எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். இந்த மண்ணில் செத்தவர்களுக்காக எழுந்து நிற்பதென்றால், எங்கே நிற்கலாம், யார் வந்து படம் எடுப்பார்கள், நாளைக்கு யார் வீடு தேடி வருவார்கள் என்றெல்லாம் யோசிக்க வேண்டியிருந்தது. கனிமங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. தோமஸும் எழுந்து நின்றான். கனிமம் என்றால் என்னவென்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. யாரோ அழிந்துபோனவர்கள் என்பது மட்டும் விளங்கியது. அவன் ஜெனிற்றாவை நினைத்துக்கொண்டான். பகிரங்கமாக, மின்விசிறிக்குக் கீழே, அரசாங்கக் கதிரைக்கு முன்னால் அவளை நினைத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு பணிப்பாளர் பேசினார்.

"அன்பர்களே, கல் பொய் சொல்லாது. ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பூமியின் ஆழத்திலே தாங்க முடியாத வெப்பமும் அமுக்கமும் உண்டாயின. அந்த நேரத்திலேதான் கார்னெற் என்னும் செந்நிறக் கனிமம் பாறைக்குள் வளர்ந்தது. வளரும்போது, பக்கத்திலே இருந்த ஒரு சின்னஞ்சிறு துணிக்கையைத் தனக்குள்ளே பொத்தி வைத்துக்கொண்டது. வெளியிலே இருந்த அத்தனையும் அழிந்தன. உள்ளே இருந்தது மட்டும் அழியவில்லை. அன்று நடந்ததற்கு அதுவே சாட்சி! அந்தச் சாட்சியை உடைத்து விசாரிக்கக்கூடாது. ஸ்கான் செய்து, தட்டுத் தட்டாகப் பார்த்து, மெதுவாகக் கேட்க வேண்டும். ஒரேயொரு துணிக்கைக்கு என்ன நடந்தது என்று அறியும்வரை இந்த நிலையம் உறங்காது!"

மண்டபத்தில் இருந்த உத்தியோகத்தர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். தோமஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன், மாதாவே, என்று நினைத்தான்.

தேத்தண்ணி நேரத்தில் பணிப்பாளரிடம் போய், தன் முதுகைப் பற்றியும் பிள்ளையைப் பற்றியும் ஒன்றும் மறைக்காமல் சொன்னான். பணிப்பாளர் பிஸ்கற்றை நனைத்தபடி கேட்டார்.

"இது எப்ப நடந்தது?"

"ரண்டாயிரத்து ஒன்பதிலை ஐயா."

பணிப்பாளரின் பிஸ்கற் உடைந்து தேத்தண்ணிக்குள் விழுந்தது.

"அப்பிடியெண்டால் ஏலாது. ஐம்பத்தைந்து கோடி வருசத்துக்குப் பிந்தின எந்தச் சம்பவத்தையும் நாங்கள் ஆராயிறேல்லை. அது கொள்கை. அண்மையில நடந்ததுகள் உணர்ச்சியைக் கிளறும். நாங்கள் விஞ்ஞானிகள்."

"உள்ளுக்கை கிடக்கிறது இரும்போ எண்டு மட்டும் பாத்துச் சொன்னால் காணும் ஐயா."

"அண்ணை, கேள்வி சின்னன்தான். காலம்தான் பிழை."

தோமஸ் அன்றே பஸ் ஏறியிருப்பான். ஆனால் நிலையத்துக்கு அப்போது ஒரு தலையிடி இருந்தது. மெஷின், வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று பழசென்று கழித்துவிட்ட மெஷின். கல் பார்ப்பதற்கென்று நன்கொடையாக வந்தது. கொடுத்தவர்கள் வந்து பார்க்கப் போகிறார்கள். காட்டுவதற்குக் கல் இல்லை. வவுனியாவின் நல்ல கல்லெல்லாம் உடைபட்டுக் தார் ஊற்றிய காப்பெற் றோட்டுக்குக் கீழே போய்விட்டது. வருகிற கல்லெல்லாம் தோமஸ் கொண்டுவந்த கல்லைப் போல, உள்ளே ஒன்றும் இல்லாத கல். தவராசா பணிப்பாளரின் காதுக்குள் குசுகுசுத்தார். இந்த ஆளுக்குள் ஒன்று இருப்பது நிச்சயம். ஆளைப் பாறையாகப் பதிந்தால் என்ன?

"மனுசனை எப்பிடியப்பா பாறை எண்டு பதியிறது?"

"வரைவிலக்கணம் பொருந்தினால் பதியலாம் சேர். கூடிப் பாப்பம்."

கூடினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பணிப்பாளரும் தவராசாவும், மெஷின் இயக்குகிற சுமித்திரா என்ற பிள்ளையும். சுமித்திரா வவுனியாக்காரி. வேலைக்குச் சேர்ந்து அதிக காலமில்லை, அதனால் கொஞ்சம் வெட்கப்படத் தெரிந்திருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் தோமஸ். கதிரை கொடுக்கவில்லை. இன்னும் பதியாத பாறைக்குக் கதிரை இல்லை என்று விளக்கம் சொன்னார்கள்.

"வெப்பத்துக்கு உட்பட்டதோ?" என்று தவராசா தொடங்கினார்.

"ஓம் ஐயா. கூடாரத்துக்கு மேலை போட்ட தறப்பாள் எல்லாம் உருகி ஒழுகினது."

"அமுக்கம்?"

"ஓம்."

"எந்தத் திசையிலை இருந்து?"

தோமஸ் யோசித்தான். "எல்லாப் பக்கத்தாலையும். கடல் பக்கத்தாலையும் வந்தது."

"நல்லது," என்றார் பணிப்பாளர். "நீர் இருந்ததோ? நீர் இருந்தால் உருமாற்றம் கெதியாய் நடக்கும்."

"குடிக்க இல்லை ஐயா."

"உலர் நிலை," என்று தவராசா குறித்துக்கொண்டார். "இது முக்கியமான கேள்வி, கவனமாய்ச் சொல்லுங்கோ. உருகினதோ? உருகியிருந்தால் தீப்பாறை. தீப்பாறை எங்கடை பகுதி இல்லை. வேறை திணைக்களம்."

"இல்லை ஐயா. உருகேல்லை. அப்பிடியே இருந்திட்டன்."

"அதே வெப்பம், அதே அமுக்கத்துக்கு உட்பட்ட வேறை பாறைகள் பக்கத்திலை இருந்ததோ? ஒப்பிட்டுப் பாக்க வேணும்."

"இருந்தவை."

"இப்ப எங்கை?"

தோமஸ் யன்னல் பக்கம் திரும்பினான். சுமித்திரா பேனையைக் கீழே வைத்தாள். யன்னலுக்கு வெளியே புல் வளர்ந்த அந்தக் காணியில் மாடொன்று நின்றது. அந்த இடத்தில் கூடாரங்கள் நின்ற காலத்தில் தோமஸ் வரிசை வரிசையாகப் போய், பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவன். கூப்பிட்டால் யாராவது ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்கும். அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த கூடாரத்துக்குப் போவான். எடுக்கிறதுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னவர்களை அவன் முழுதாக நம்பியதில்லை.

"ஒப்பீட்டுப் பாறைகள் கிடைக்கவில்லை," என்று தவராசா எழுதினார். காலம் என்ற இடத்தில் "அறியப்படவில்லை" என்று போட்டார். பணிப்பாளருக்கு அதைப் பார்த்துப் பெரிய நிம்மதி. "இப்பிடி எழுதினால் ஒரு பிரச்சினையும் இல்லை. நாங்கள் எத்தினை விசயத்தை இப்பிடித்தான் சமாளிச்சனாங்கள்," என்றார்.

பாறையாகப் பதிந்த பிறகு தோமஸின் நிலைமை உயர்ந்தது. கழுத்தில் செவ்வரத்தம்பூ மாலை விழுந்தது. முன்வரிசையில் இடம் கிடைத்தது. தண்ணீர் கேட்டபோது, பாறை பேசக்கூடாது என்றார்கள். மெஷினுக்கு நடந்துபோகப் புறப்பட்டபோது, பாறை நடக்கக்கூடாது என்று இரண்டு பேர் தூக்கித் தள்ளுவண்டியில் கிடத்தினார்கள். தூக்கியவர்களில் ஒருவன் "ஆய்வுக்கு வந்த மாதிரிகளிலை கனமானது இதுதான்" என்று சந்தோசப்பட்டான். மௌன அஞ்சலி மறுபடியும் நடந்தது. இந்த முறை தோமஸ் எழுந்து நிற்க அனுமதியில்லை.

சுமித்திரா மட்டும் குனிந்து மெல்லச் சொன்னாள். "ஐயா, குப்புறப் படுங்கோ. நோகாது. நான் சொல்லேக்கை மட்டும் மூச்சைப் பிடியுங்கோ."

மெஷின் சுற்றத் தொடங்கியது. குப்புறக் கிடந்த தோமஸுக்கு முகத்துக்குக் கீழே மணல் இருப்பதுபோல இருந்தது. முதுகில் மெதுவாக ஒரு பாரம் ஏறியது. கழுத்தைச் சுற்றிச் சின்னக் கைகள் இறுகின. அவன் திரும்பவில்லை. திரும்பினால் படம் கலங்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். கெட்டியாய்ப் பிடி, பிள்ளை, என்று உதடு அசையாமல் சொன்னான். மெஷின் நின்றது. பாரம் இறங்கவில்லை.

படம் திரையில் வந்தது. சுமித்திரா தட்டுத் தட்டாக நகர்த்திக்கொண்டு போனாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். கையை எடுக்கவில்லை.

"இரும்பெண்டால் வெள்ளையாய் எரியும் ஐயா," என்றாள். "சுத்திவரக் கீறு கீறாய்த் தெறிக்கும். இது அப்பிடி இல்லை. இது உங்கடை முள்ளந்தண்டு மாதிரி, விலா மாதிரித்தான் தெரியுது. ஆனால் உங்கடை எலும்பிலை இருந்து வந்ததில்லை. உங்கடை எல்லாம் முழுசாய் இருக்கு." துண்டின் ஓரத்தை விரலால் காட்டினாள். "சின்ன ஆக்களின்ரை எலும்பு."

தோமஸ் திரையைப் பார்த்தான். சாம்பல் நிறச் சதைக்கு நடுவில் வெளிறிய ஒரு துண்டு. அதைச் சுற்றி மெல்லிய தோல்போல ஒன்று வளர்ந்து மூடியிருந்தது. அவன் உடம்பு அதை வெளியே தள்ளவில்லை. பொத்தி வைத்திருந்தது.

பணிப்பாளரும் திரையைப் பார்த்தார். அவர் துள்ளாத குறை.

"அப்பற்றைற்று! பாறையிலை இருக்கிற கனிமம். எலும்பும் அதே கனிமம்தான். அந்நியத் துணிக்கை, சுற்றிவர வளர்ச்சி, உள்ளே பூரண பாதுகாப்பு! தவராசா, இப்படி ஒரு மாதிரி இந்த நாட்டிலேயே இல்லை. வாறவைக்கு இதைத்தான் காட்டப் போறம். அதைக் குடைஞ்சு எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைக்க வேணும்."

"ஐயா, அது என்ரை பிள்ளை," என்றான் தோமஸ்.

"மாதிரி பேசக்கூடாது," என்றார் தவராசா.

"அது ஆர், எங்கேயிருந்து வந்தது என்பது எங்களுக்கு முக்கியமில்லை," என்றார் பணிப்பாளர், ஒலிவாங்கி இல்லாமலே மேடைக் குரலில். "யார் அமுக்கினார்கள், ஏன் அமுக்கினார்கள் என்று கார்னெற் கேட்பதில்லை. நாங்களும் கேட்பதில்லை. அதனால்தான் எங்களுக்குக் கட்டடம் தந்திருக்கிறார்கள். இனி இதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். அமைச்சரின் பெயரை வைக்கலாம் என்று நினைக்கிறேன்."

"அதுக்குப் பேர் இருக்கு. ஜெனிற்றா."

"பேர் வைக்கிற உரிமை கண்டுபிடிச்சவருக்குத்தான் அண்ணை."

"நான்தான் ஐயா கண்டுபிடிச்சனான். ஆஸ்பத்திரியிலை, தாயின்ரை பக்கத்திலை நிண்டு. ஞானஸ்நானத்திலை வைச்ச பேர்."

பணிப்பாளர் தவராசாவைப் பார்த்தார். தவராசா விதிக்கோவையைப் புரட்டினார். ஞானஸ்நானம் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதைப் பற்றி ஆராய இன்னொரு கூட்டம் வேண்டும் என்று இருவரும் அறைக்குள் போனார்கள். போகும்போது, பதிந்த மாதிரி வளவைவிட்டு வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சுமித்திரா தோமஸின் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். மாலையைக் கழற்றினாள். "போங்கோ ஐயா," என்றாள். "நான் பாத்துக்கொள்ளுறன்."

வாசலில் காவலாளி மறித்தான். மாதிரி வெளியே போவதென்றால் கையெழுத்து வேண்டும்.

"ஆர் கொண்டு போறது?" என்று கேட்டான்.

"ஒருத்தரும் கொண்டு போகேல்லைத் தம்பி. நான் நடந்து போறன்."

காவலாளி நீண்ட நேரம் யோசித்தான். கல்லை யாராவது தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வதென்று அவனுக்குப் படிப்பித்திருந்தார்கள். கல் தானாக நடந்து போனால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராததைச் செய்து வேலையை இழக்க அவன் விரும்பவில்லை. கதவைத் திறந்துவிட்டு, பழக்கதோசத்தில் சல்யூட் அடித்தான்.

பஸ்ஸில் இருக்கை கிடைத்தும் தோமஸ் சாய்ந்து இருக்கவில்லை. முல்லைத்தீவுவரைக்கும் முன்னால் குனிந்தபடியே வந்தான். பக்கத்தில் இருந்தவர் "முதுகு நோவோ அண்ணை?" என்று கேட்டார். "இல்லை," என்றான் தோமஸ். "பிள்ளை நித்திரை." பக்கத்தில் இருந்தவர் தோமஸின் மடியைப் பார்த்தார், பின்னால் பார்த்தார், பிறகு வேறு இருக்கைக்கு எழும்பிப் போனார்.

புனிதம் குசினி வாசலில் நின்றாள். அவன் இன்னும் குனிந்தபடியே வருவதைக் கண்டவள், அவன் வாயைத் திறக்குமுன் அவனைச் சுற்றிப் பின்னால் போனாள். சட்டைக்கு மேலால் கையை வைத்தாள். இந்த முறை கையை எடுக்கவில்லை. அழவும் இல்லை. வெகுநேரம் கழித்து, "இவ்வளவு நாளும் கரைக்கும் கடலுக்கும் கொண்டு திரிஞ்சிருக்கிறியள்," என்றாள். "மழையிலையும் நனைச்சிருக்கிறியள்." அதற்குப் பிறகுதான் அழுதாள்.

நிலையத்திலிருந்து ஆட்கள் வந்து தேடினார்களா என்று கேட்டால், வந்தார்கள். கரையில் நின்றவர்கள், தோமஸ் என்று ஒரு கல்லும் இங்கே இல்லை, மனுசர்தான் இருக்கிறோம் என்றார்கள். வந்தவர்கள் ஏமாற்றத்தோடு போய்விட்டார்கள்.

நவம்பர் இரண்டாம் திகதி கல்லறைத் திருநாள். ஊர்ச் சனம் முழுதும் சேமக்காலைக்குப் போய், கல்லறைகளுக்கு வெள்ளை அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தும். பின்னேரம் ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாக வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். கல்லறை இல்லாதவர்கள் பெரிய சிலுவைக்குக் கீழே போய் நிற்பார்கள். தோமஸும் புனிதமும் வருஷா வருஷம் அங்கேதான் நின்றவர்கள். அங்கே அவ்வளவு சனம், ஒருவரின் மெழுகுதிரி எது மற்றவரின் மெழுகுதிரி எது என்று தெரியாது.

இந்த வருஷம் புனிதம் சிலுவையடிக்குப் போகவில்லை. இரண்டு கல்லறைகளுக்கு நடுவில் கிடந்த வெறும் மணலைக் கையால் சமன்படுத்தினாள். "இதிலை இருங்கோ," என்றாள். தோமஸ் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முதுகைப் பாதைப் பக்கம் காட்டி இருந்தான். அவனுக்குப் பின்னால் மணலில் அவள் பூவை வைத்தாள். மெழுகுதிரியை நட்டுக் கொளுத்தினாள். கடல் காற்றுக்கு அது அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டாள். பக்கத்துக் கல்லறைக்காரர் பார்த்தார்கள்.

ஃபாதர் வந்தார். வெறும் மணலையும், அதில் இருந்த மனிதனையும், பூவையும் பார்த்தார்.

"இது ஆற்றை கல்லறை, புனிதம்?"

"ஜெனிற்றாவின்ரை, ஃபாதர்."

ஃபாதர் மற்றக் கல்லறைகளுக்குச் சொன்ன அதே செபத்தை, ஒரு சொல்லும் குறைக்காமல், பெயரை மட்டும் மாற்றிச் சொன்னார். தீர்த்தம் தோமஸின் முதுகில் விழுந்து வழிந்தது. அடுத்த கல்லறைக்குப் போனார்.

தோமஸ் எழும்பப் பார்த்தான்.

"கொஞ்சம் இருங்கோ," என்றாள் புனிதம். "மெழுகுதிரி எரிஞ்சு முடியட்டும்."